சத்தம் போடாத பெட்டி

"மோனே, உன் கிட்டார் எனக்கு இஷ்டம்தான். ஆனா அந்தப் பெட்டி கடக்கு கடக்குன்னு பேசுது. அடுத்த ஞாயிறும் அது பேசினா, பள்ளுருத்தியில இருந்து கீபோர்டுக்காரனை விளிக்கும் ஞான், கேட்டோ."

பாடகர் இதைத் தன் மலையாளத் தமிழில் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கிட்டார் கம்பியைத் துணியால் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். தபலாக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் படியருகே உட்கார்ந்திருந்தேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஏனென்றால் அந்தப் பெட்டியைச் செய்தவள் நான்.

வாரத்தில் ஆறு நாள் பிளைவுட் கடையில் பலகை அளந்து கொடுக்கிற மனிதர் என் வீட்டுக்காரர். வீட்டில் கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில், வெள்ளை விரிப்பில் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, கஜல் பாடும் இந்தப் பாடகருக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். பதினாலு வருடம். அந்த இடம் போய்விட்டால் இவரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

பெட்டி என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். கிட்டாரிலிருந்து வரும் ஒலிக்கு இரண்டு வழி. ஒன்று நேரே ஆம்பிளிஃபயருக்குப் போகும். பாடகர் பாடும்போது அந்த மெல்லிய ஒலி போதும். இன்னொன்று ஒலியை மாற்றிக் கொடுக்கிற எஃபெக்ட் பெடல்கள் வழியாகச் சுற்றிப் போகும். பாட்டு நின்று கிட்டார் மட்டும் வாசிக்கும் இடத்தில் அந்த வழியில் விட்டால், ஸ்வரம் நீண்டு, தேம்பி, மனுஷக் குரல் மாதிரியே இருக்கும். வழி மாற்றுகிற வேலைதான் பெட்டிக்கு. காலால் அழுத்த வேண்டும்.

முதலில் கடையில் வாங்கிய பெட்டி வைத்திருந்தார். அழுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு அடி. அதை நான் பிரித்துப் பார்த்தேன். டிப்ளமோ முடித்து, வாடகைக்கு மைக்செட் விடுகிறவரிடம் எட்டு வருடம் வேலை செய்தவள் நான். இப்போது வீட்டு முன்னறையில் மிக்சரும் ஆம்பும் ரிப்பேர் செய்கிறேன். உள்ளே கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் கசிந்து தேங்கியிருக்கும். சுவிட்சு வழியைத் திறந்ததும் அது ஒரே குதியாகக் குதிக்கும், ஸ்பீக்கர் அதைப் பெரிதாக்கிச் சொல்லிவிடும். நான் புதுப்பெட்டி செய்து, இரண்டு பக்கமும் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைத் தரைக்கம்பியோடு சேர்த்து, தேங்குவது உடனே வடிகிற மாதிரி வைத்தேன். முன்னறையில் ஆம்பின் சத்தத்தை முழுசாகக் கூட்டிச் சோதித்தேன். ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. அப்போது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, சாயா போடும்போதுகூடச் சிரித்துக்கொண்டே போட்டேன்.

எங்கள் முன்னறைக்கு வெளியே ரோடு. பஸ், ஆட்டோ, சுமையிறக்கும் லாரி. அந்த இரைச்சலில் சுவிட்சின் சொந்தச் சத்தம் என் காதில் விழவே இல்லை. ஸ்பீக்கரை மட்டும்தான் கேட்டேன். கிடங்கு மாடியிலோ மரத்தரை. எல்லாரும் தரையில். பாடகர் வாசிக்கிற ஆர்மோனியத்துக்கு மைக்கும் தரையை ஒட்டி. இவர் காலை வைத்தால் சுவிட்சின் 'கடக்' பலகை வழியாகப் போய் மைக்கில் ஏறி, பாடகர் வரியை முடித்துவிட்டு மூச்சை நிறுத்துகிற அந்த இடத்தில் சரியாக விழும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு நாலடி முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"ஏங்க, ஏதாவது பேசுங்களேன்" என்றேன்.

"என்ன பேசறது. நீ என்ன வேணும்னா செஞ்ச?"

"அப்பிடிச் சொல்லாதீங்க. எனக்கு அழுகையா வருது."

எங்கள் இரண்டு வீட்டிலும் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் எனக்கு மலையாளம் வந்துவிடும். அந்த வாரம் முழுக்க நான் மலையாளத்தில்தான் பேசினேன் என்று அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

திங்கட்கிழமை, காந்தத்தால் வழி மாற்றுகிற ரிலே ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் பல்லி மாதிரி 'டிக்' என்றது. அசைகிற உலோகம் எதுவுமே கூடாது என்று அப்போது புரிந்தது. செவ்வாய்க்கிழமை கறுப்புக் குழாய்களை வெட்டி, ஒவ்வொன்றின் ஒரு முனையில் ஒரு குட்டி எல்.இ.டி., மறுமுனையில் வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற எல்.டி.ஆர். என்று வைத்து மூடினேன். குழாய்க்குள் வெளிச்சம் மெல்ல ஏறும்போது ஒரு வழி திறக்கும். இன்னொரு குழாயில் மெல்ல இறங்கும்போது மற்ற வழி மூடும். குதி இல்லை, தட்டு இல்லை. வெளிச்சத்துக்கு ஏது சத்தம்?

மிச்சம் இருந்தது கால். அழுத்துகிற சுவிட்சே இல்லாமல் எப்படி மாற்றுவது? நாள் முழுக்க மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். மெஹ்ஃபிலில், அதுதான் இந்தக் கஜல் கச்சேரியில், யாரும் செருப்போடு ஏறுவதில்லையே! எல்லாச் செருப்பும் படிக்குக் கீழே. வேறெந்த மேடையிலும் கிட்டார்க்காரன் ஷூ போட்டிருப்பான். இங்கே வெறுங்கால். பெட்டியின் மேலே அடுத்தடுத்து இரண்டு பித்தளைத் தகடு பதித்தேன். கால் கட்டைவிரலால் இரண்டு தகட்டையும் சேர்த்துத் தொட்டால், தோல் வழியாகவே துளி மின்சாரம் ஓடி வழி மாறும். மறுபடி தொட்டால் பழைய வழி.

என் காலுக்கு உடனே வேலை செய்தது. அவர் காலுக்கு ம்ஹூம். வெடித்து, காய்ந்து, பலகைத்தூள் ஏறிய கால்.

"கால்தானா இது, இல்ல தேங்காமட்டையா?" என்றேன்.

"பதினஞ்சு வருசமா பாத்துக்கிட்டுத்தானே இருக்க" என்றார்.

நம் ஊரில் வெடிப்புக்கு என்ன செய்வோம்? தேங்காய் எண்ணெயை எடுத்து நன்றாக உருவிவிட்டேன். இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு. எண்ணெய்க்குள் மின்சாரம் ஓடாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கை பழக்கத்தில் எண்ணெய்க் குப்பிக்குத்தான் போனது. சோப்புப் போட்டுக் கழுவி, ரெசிஸ்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வெள்ளிக்கிழமை அவர் காலுக்கும் அந்தப் பெட்டியை வழிக்குக் கொண்டுவந்தேன். எந்த வழி திறந்திருக்கிறது என்று தெரிய, தேம்பல் வழியில் மட்டும் எரிகிற ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். ரோட்டு இரைச்சலை நம்பாமல், பெட்டியைக் குளியலறைத் தரையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிறு நாலு மணிக்கு மாடி நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில், அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தேன். பக்கத்தில் வெற்றிலை மணக்க ஒரு அம்மா. பாடகர் முதல் பாட்டைத் தொடங்கினார். இரண்டு வரி. நிறுத்தினார். இப்போது கிட்டார் தேம்ப வேண்டும்.

நான் பெட்டியையே பார்த்தேன். என் வீட்டுக்காரரின் கால்விரல் தகட்டைத் தொட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நிமிஷமே விரல் மறுபடி தொட்டது. விளக்கு அணைந்தது. கிட்டார் சப்பையாக, மெல்லியதாக, ஜலதோஷம் பிடித்த மாதிரி வந்தது. பாடகர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பதினாலு வருடமாக அந்தக் கால் 'டப்'போ 'கடக்'கோ கேட்டுத்தான் நம்பிப் பழகியிருக்கிறது. சத்தம் வரவில்லை என்றதும், படவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தொட்டுவிட்டது. விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்றால், அவர் குனிந்து குனிந்து தேடுகிறார். ஐயோ! விளக்கு அவர் பக்கம் இல்லை. நான் மேசையில் என் பக்கம் பார்த்தே விளக்கைப் பொருத்தியிருக்கிறேன். வாசிக்கிறவர் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்காருவார் என்ற நினைப்பே எனக்கு இல்லை. விளக்கு சபையைப் பார்த்து, குறிப்பாக என்னைப் பார்த்து, எரிந்துகொண்டிருந்தது. எந்த வழியில் இருக்கிறோம் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். எழுந்துபோய்த் திருப்பி வைக்க முடியுமா? பாட்டின் நடுவில் யாரும் எழக்கூடாது.

அடுத்த வரி முடியப் போகிறது. விரல் தகட்டைத் தொட்டது. விளக்கு எரிந்தது. விரல் இரண்டாவது தடவைக்கு உயர்ந்தது.

"வாஹ்!" என்று கையை உயர்த்திக் கத்திவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார், நான் பெட்டியைக் கண்ணால் காட்டித் தலையாட்டினேன். விரல் அப்படியே நின்றது. கிட்டார் தேம்பியது. பக்கத்து அம்மா என் தொடையில் கிள்ளினார். "வரி முடியட்டே பெண்ணே, அதுக்குள்ள எந்தா வாஹ்?"

அன்றிலிருந்து அது எங்கள் ஏற்பாடு ஆனது என்று சொல்ல ஆசைதான். அன்று ஒரு நாள் மட்டும்தான் நடந்தது. விளக்கு எரிந்தால் என் கை மேலே. அணைந்தால் மடியில். வாஹ் சொல்வதை விட்டுவிட்டேன். பாட்டை ரசித்துக் கையை உயர்த்துவது அங்கே வழக்கம்தான், ஆனால் யாரும் இவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்க மாட்டார்கள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. பாடகர் என்னைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு தடவை வரியை என் பக்கம் திரும்பியே பாடினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசிப் பாட்டில் பாடகர் குரலைக் குறைத்துக்கொண்டே போனார். தபலா நின்றது. ஆர்மோனியம் நின்றது. யாரோ விசிறியதும் நின்றது. அந்த மௌனத்துக்குள் கிட்டார் நேராகத் தேம்பலோடு நுழைய வேண்டும். விரல் தொட்டது. விளக்கு எரியவில்லை. என் கை மடியில் கிடந்தது. அவர் என்னையே பார்த்தார். மறுபடி தொட்டார். இல்லை. காற்றாடிக்கு நேரே உட்கார்ந்து உட்கார்ந்து கால் காய்ந்துவிட்டது. நான் என் கட்டைவிரலை உயர்த்தி, நாக்கில் வைத்துக் காட்டினேன். பக்கத்து அம்மா என்னைப் பைத்தியம் என்றே முடிவு செய்திருப்பார். என் வீட்டுக்காரர் கிட்டாரின் மேல் குனிந்து, கைவிரலை எச்சில் படுத்தி, கையை நீட்டித் தகட்டைத் தொட்டார். சிவப்பு. என் கை எழுந்தது. கிட்டார் நுழைந்தது. பெட்டியின் சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை.

முடிந்ததும் சாயா கொடுத்தார்கள். பாடகர் என்னைக் கூப்பிட்டார்.

"பெங்ஙளே, தங்கச்சி, ஞான் இத்தனை கொல்லமா, வருஷமா பாடுது. இப்படிக் கை தூக்கினவங்களைக் கண்டதே இல்ல. ஏது வரி உனக்கு ரொம்ப இஷ்டமாச்சு?"

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினார். எனக்குப் பொய் வராது என்றில்லை, நன்றாகவே வரும். ஆனால் ஒரு வரிகூட மனசில் இல்லாதபோது எதை வைத்துப் பொய் சொல்வது?

"ஒண்ணும் கேக்கல, இக்கா" என்றேன், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. "மன்னிச்சுக்கோங்க. நான் லைட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கடக் சத்தம், தகடு, தேங்காய் எண்ணெய், தப்பான பக்கம் வைத்த விளக்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தபலாவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். போச்சுடா, நானே இவர் இடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாடகர் சாயாவைக் கீழே வைத்தார். பெட்டியின் அருகே போய்த் தன் கால்விரலால் தகட்டைத் தொட்டார். விளக்கு எரிந்தது. தொட்டார், அணைந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"பதினாலு கொல்லம் இவன் என் அடுத்து இருக்கு" என்றார். "தலை எப்பவும் பெட்டியில. இன்னைக்குத்தான் இவன் முகத்தை நான் பாத்தது."

பிறகு பெட்டியை மெல்லத் திருப்பி, விளக்கு ஆர்மோனியத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தார்.

"அடுத்த ஞாயிறு இப்படி வை, மோனே. லைட்டு எரிஞ்சா தலையை நான் ஆட்டிக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "நீ கையை மடியில வச்சுட்டுப் பாட்டு கேளு."