கேமரா ஓடாதபோது விழுந்த வீடு

என் மகன் இதுவரை ஆறு படம் எடுத்திருந்தான். ஆறிலும் வேற்றுக்கிரகத்தார் வருவார்கள், ஊர்கள் அழியும். மொத்தம் பதினொரு ஊர், எண்ணியிருக்கிறேன். முதல் மூன்று படங்களுக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. அடுத்த மூன்றும் வரிசையாகப் படுத்துவிட்டன. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. ஏழாவதில் ஒரு கட்டடமாவது நிஜமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

தில்லியில் நாங்கள் குடியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸை அப்போது இடித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவை இரண்டு பிளாக். ஒன்று எங்களுடையது. அவன் வளர்ந்ததும், அவன் அம்மா கண்ணை மூடியதும் அங்கேதான். இரண்டையும் படமெடுக்க அனுமதி வாங்கிவிட்டான்.

"எப்படியும் இடிக்கத்தான்பா போறாங்க. என் படத்துலயாவது இருக்கட்டுமே" என்றான். இப்போது நான் இருக்கும் கரோல் பாகிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஐந்து கேமரா. இரண்டு பிளாக்கிலும் தூண்களை முன்பே அறுத்து வைத்திருந்தார்கள். இயந்திரம் ஓர் இழுப்பு இழுத்தால் மூன்று மாடியும் சரிந்துவிடும். உதவி இயக்குநர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கீழே இறக்கினால் இழுக்க வேண்டும் என்று டிரைவருக்கு இந்தியில் சொல்லியிருந்தார்கள்.

சென்னையிலிருந்து வந்த படக்குழுவினருக்குத் திருஷ்டி கழிக்காமல் பெரிய ஷாட் எடுக்க மனம் வராது. கேமராக்களைச் சுற்றிவிட்டு, கற்பூரம் எரியும் பூசணிக்காயை அதே உதவி இயக்குநர் தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டார். கைதட்டினோம்.

இயந்திரம் இழுத்தது.

எங்கள் வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ஒரு கேமராகூட ஓடவில்லை.

"அபே, கிஸ்னே போலா?" யார் இழுக்கச் சொன்னது என்று யாரோ அலறினார்கள். டிரைவர் இறங்கி ஓடிவந்தான். "ஹாத் தோ இன்ஹோனே ஹி கிராயா, ஸாப்!" என்று உதவி இயக்குநரைக் காட்டினான். பூசணிக்காயோடு கையை இறக்கியது அவர்தானே.

"பதினொரு ஊரை அழிச்ச மனுஷனுக்கு ஒரு வீடு சிக்கலையேடா" என்று லைட்காரர் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

மகன் அசையவில்லை. "அப்பா, நம்ம கிச்சன்" என்றான். சின்ன வயதுக் குரல். அழப்போகிறான் என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் திரும்பி, அடுத்த பிளாக்கைப் பார்த்தான்.

"கேமராவையெல்லாம் அந்தப் பக்கம் திருப்புங்க. ஜல்தி! இந்தப் புழுதி அடங்கறதுக்குள்ள எடுக்கணும். நிஜப் புழுதி, இனிமே கிடைக்காது."

பிறகு என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கப்பா, ஃப்ரேம்ல வர்றீங்க."

ஒதுங்கினேன். இந்தத் தடவை ஐந்து கேமராவிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த பிளாக் விழுந்தது. "ஓகே" என்றான், பஸ்ஸில் டிக்கெட் கேட்பவன் போல.

படம் ஓடியது. எட்டாவது படத்துக்குத் தயாரிப்பாளர்கள் வந்திருக்கிறார்களாம். இந்த முறை எதை இடிக்கப்போகிறான் என்று நான் கேட்கவில்லை.