அலோன் என்றால் எத்தனை பேர்?

நான் முதன்முதலாகத் தனியாக இருந்தது என் இருபத்தாறாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். அதற்கு ஏழு பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மாவு மில்லுக்கு மேலே ஒரு மாடி அறையில் எட்டுப் பேர் குடியிருந்தோம். பாய் விரித்தால் தரை தெரியாது. ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர்களும் வரிசையாகப் புரள வேண்டும். அந்த ஒழுங்கைப் பட்டாளத்தில்கூடப் பார்க்க முடியாது.

நான் ஒரு கப்பல் கம்பெனியில் பியூன். கல்யாணமான இரண்டாம் மாதமே ஊரிலிருந்து கிளம்பி வந்தவன். மனைவியை அழைத்துக்கொள்ளத் தனி அறை வேண்டும். தனி அறைக்குப் பியூன் சம்பளம் பற்றாது, கிராணி ஆக வேண்டும். கிராணி என்பவர் வேறு யாருமில்லை. பியூன் நின்றுகொண்டு சுமக்கும் காகிதங்களை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர். அந்த நாற்காலிக்கு முன்னால் துரையிடம் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். மாமனார் தம் பங்குக்குச் சுருக்கமாக எழுதிவிட்டார்: மாப்பிள்ளைக்கு என்று ஒரு கதவு கிடைத்ததும் பெண்ணை அனுப்புகிறேன்.

ஆகவே மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் மாலை வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்தியவர் எங்களைவிட இளையவர், அதே கோயிலுக்குப் போகும் தமிழ்ப் பெண். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மாலையில் மீசை வைத்த பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் ‘மிஸ்’ என்போம். என் அறைக்காரரான பஸ் கண்டக்டரும் என்னோடு படித்தார். பஸ்ஸில் வெள்ளைக்காரர்களிடம் சண்டை போட ஆங்கிலம் போதவில்லை என்பது அவர் குறை.

மிஸ் சொற்களை ஜோடி ஜோடியாகக் கொடுப்பார். ஒரு நாள் அலோனும் லோன்லியும் வந்தன. “அலோன்னா கூட யாரும் இல்ல, அவ்வளவுதான். லோன்லின்னா யாருமே இல்லாத மாதிரி மனசு தவிக்கிறது. ரெண்டுக்கும் உங்க சொந்த வாழ்க்கையிலேருந்து ஒவ்வொரு வாக்கியம் எழுதிட்டு வாங்க. புத்தகத்தைப் பாத்து எழுதக் கூடாது.”

கண்டக்டர் எழுந்தார். “மிஸ், ரெண்டு பேரு சேர்ந்து அலோனா இருக்க முடியுமா?”

“முடியும்.”

“அது எப்படி மிஸ்? ரெண்டு டிக்கெட் ஆச்சே!”

“கல்யாணம் ஆனவங்களக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு மிஸ் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் கல்யாணத்துக்கு வந்த உறவினர்களில் பாதிப் பேர் நான் கிளம்பும்வரை ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை.

சொந்த வாழ்க்கையிலிருந்து எழுத வேண்டுமென்றால் முதலில் தனியாக இருந்து பார்க்க வேண்டாமா? அறையில் விஷயத்தை எடுத்தேன்.

“ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் எல்லாரும் வெளிய போகணும். நான் தனியா இருக்கணும்.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“பெட்டியில ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கியா?”

எதற்கும் ‘லா’ சேர்க்கும் சிங்கப்பூர்ப் பேச்சில் கண்டக்டர்தான் காப்பாற்றினார். “பரீட்சைக்கு லா! அவன் பாஸ் பண்ணுனா கிராணி ஆவான், கிராணி ஆனா பொண்டாட்டி வருவா, பொண்டாட்டி வந்தா நமக்கு ஒரு பாய் இடம் மிச்சம்.”

என் முன்னேற்றத்தில் அவர்களுக்கு அன்றைக்கு ஏற்பட்ட அக்கறையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் ஏழு பேரும் இறங்கிப் போனார்கள். ஒருவர் சீப்பை மறந்துவிட்டு வந்தார். இன்னொருவர், சீப்பை எடுக்கப் போனவரைக் காணோம் என்று வந்தார். ஒருவழியாகப் படி ஓய்ந்தபோது கீழேயிருந்து கண்டக்டரின் குரல் வந்தது.

“தம்பி, அலோனா இருக்கியா?”

“இருக்கேண்ணே!”

“நெசமாவா? வந்து பாக்கட்டுமா?”

பிறகு உண்மையாகவே யாரும் இல்லை. அறையின் நடுவில் பாயை விரித்துக் கையையும் காலையும் நீட்டிப் படுத்தேன். துக்கம் வரும், அதைப் பிடித்து வாக்கியமாக்கலாம் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. நடுவில் விழித்தபோது, மேல் பலகையில் மழைநீர் ஒழுகிய கறை குடை பிடித்த வாத்தைப் போலத் தெரிந்தது. நன்றாகச் சிரித்தேன்.

சாயங்காலம் ஏழு பேரும் திரும்பினார்கள். ரேடியோ அலறியது. வெங்காயம் நறுக்கும் முறை யாருடையது என்று வழக்கமான சண்டை. வாத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இரண்டாவது வாக்கியம் அந்த வெங்காயச் சண்டைக்கு நடுவில்தான் கிடைத்தது.

அடுத்த மாதம் துரையின் அறையில் நின்றேன். படித்து வைத்திருந்த கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “ஆர் யூ அலோன் இன் சிங்கப்பூர்?” என்றார். எஸ் சார் என்பது பியூன் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும் பதில். அதை விழுங்கினேன்.

“நோ சார். வீ ஆர் எய்ட் இன் ஒன் ரூம். பட் ஐ ஆம் லோன்லி.”

துரை பேனாவைக் கீழே வைத்தார். அவர் மேசைமேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்தார். “எய்ட்?” என்று சிரித்தார். பிறகு என் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று காகிதம் நீட்டினார். உட்கார்ந்து எழுதச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து என் மனைவி கப்பலில் வந்து இறங்கினாள். அடுத்த தெருவில் பலகை தடுத்த ஒரு அறை பிடித்திருந்தேன். அதற்குக் கதவு இருந்தது. ஏழு பேரும் துறைமுகத்துக்கு வந்தார்கள், பெட்டியைத் தூக்கினார்கள், பல்பு மாட்டினார்கள், கோப்பி வாங்கிவந்து குடித்தார்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் கண்டக்டர் எழுந்தார்.

“எல்லாரும் எறங்குங்க லா. இங்க ரெண்டு டிக்கெட் மட்டும்தான். அலோன்!”

வெளியிலிருந்து அவரே கதவைச் சாத்தினார்.

“என்ன சொல்லிட்டுப் போறாரு?” என்றாள் மனைவி.

“இங்கிலீஷ்.”

அவள் பெட்டிமேல் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை மேலே போய் நின்றது. “ஒழுகியிருக்கு பாருங்க. எருமை மாதிரி இல்ல?”

அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அது வாத்தாகத்தான் தெரிந்தது. நாங்கள் இருவர் மட்டும் வெகுநேரம் அதற்காகச் சண்டை போட்டோம்.