தையல்காரர் அழகிரியின் கால்கள்

வியாகுலம்மாளின் மகளுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. மாதா கோயில் திருவிழாவுக்கு அவளுக்குப் பாவாடை தைத்தபோது, அழகிரி அந்தக் கால் பக்கத்து விளிம்பை மட்டும் இரண்டு விரற்கடை ஏற்றி மடித்தார். கட்டிக்கொண்டு நடந்தால் விளிம்பு தரைக்கு நேராக நிற்கும். வாங்க வந்த தாயிடம், “துணி கொஞ்சம் கோணலா வந்துருச்சும்மா, இருக்கட்டும், கட்டிவிடுங்க” என்று பழியைத் துணியின் மேல் போட்டுவிட்டார். பக்கத்துப் பொத்தான் கடை பரக்கத் அலிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு ஜவுளிக்கடை வாசலில் அழகிரியின் தையல் மெஷின். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் “ரெங்கா, வழி விடப்பா” என்பார்.

“ஊசிக் காதுல நுழையறதுதான் உங்க சாமிக்கு வேலையா அண்ணே?” என்று பரக்கத் அலி சீண்டுவார்.

“உங்க கடை நூலு அவ்வளவு மொத்தம் பாய். சாமியக் கூப்பிட்டாத்தான் நுழையுது.”

நயா பைசா வந்த வருஷம், வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. தெப்பக்குளம் தாண்டிக் குனிந்து பார்த்தால், உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம். வலியே இல்லை. பிறகு மெஷின் மிதிக்கையில் கால் நின்றுபோகும், கை மட்டும் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும். எண்ணெய் தடவினார்கள். சமயபுரத்தில் மாவிளக்குப் போட்டார்கள். கடைசியில், மெட்ராஸிலிருந்து மாதம் ஒருமுறை புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் நரம்பு டாக்டரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. “மண்டையில கரண்ட்டு வைப்பாங்களாமே” என்று மனைவி மாரியாயி அழுதாள். பரக்கத் அலி கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனார்.

டாக்டர் கரண்ட் எதுவும் வைக்கவில்லை. எப்போதிலிருந்து, எந்தக் கால் முதலில், ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று நிதானமாகக் கேட்டார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அழகிரி சாய்ந்தார், பரக்கத் அலி தாங்கிக்கொண்டார். முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். பிறகு படுக்கவைத்து, மறுபடி கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் குண்டூசியை எடுத்தார்.

“குத்துதா?”

“குத்துதுங்க.”

“இப்ப?”

“நல்லாவே குத்துதுங்க ஐயா.”

“நான் இன்னும் குத்தவே இல்லையே, பெரியவரே.”

அழகிரி கண்ணைத் திறக்கவில்லை. “மெஷின் மிதிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க ஐயா. எனக்கு வேற தொழில் தெரியாது.”

டாக்டர் குனிந்து, அவருடைய பாதத்தைப் பிடித்து, உள்ளங்காலைச் சாவி முனையால் கீறப் போனார். அழகிரி பதறிவிட்டார்.

“ஐயோ, ஐயா! என் காலப் போயி நீங்க தொடுறதா? பாவங்க, விடுங்க!”

இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இடுப்பு துள்ளியது. கை கட்டில் சட்டத்தைப் பற்றியது. ஒரு கால் மடங்கி வந்தது. மற்றது டாக்டரின் கையிலேயே கிடந்தது.

பரக்கத் அலி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

“முதுகுத் தண்டுல கோளாறு. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரில சேர்ந்து பாருங்க” என்றார் டாக்டர். பாதத்தைக் கட்டிலில் மெல்ல வைத்துவிட்டு, “மெஷின் ஆசைய விட்டுருங்க” என்றார்.

மெட்ராஸில் கிடந்துவிட்டு வந்தபோது அந்த இன்னொரு காலும் போயிருந்தது. மருங்காபுரியிலிருந்து மாரியாயியின் தம்பி வந்து, “எங்களோட வந்து இருங்க மாமா” என்று அழைத்தான்.

பஸ்ஸுக்குள் அழகிரியைத் தூக்கி உட்காரவைத்தது பரக்கத் அலிதான். வெளியே தொங்கிய கால்களை நெஞ்சோடு அணைத்து எடுத்து, ஒவ்வொன்றாக இருக்கைக்குக் கீழே மடித்துவைத்தார். அவர் நிமிர்ந்தபோது, வெள்ளைச் சட்டையில் பாத மண் ஒட்டியிருந்தது. அழகிரி அதைப் பார்த்தார். கையை நீட்டி, அந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“என் கால் உங்க மேல பட்டுருச்சு போல பாய். எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கங்க.”