பதினாலாம் நம்பர் அரக்கு

1

ஆரணியில் ஒரு பட்டு முதலாளியின் கிடங்கில் முப்பத்தோரு வருடம் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்தேன். சாயம் போட்டு வரும் நூல் கழிகளை வாசல் வெளிச்சத்தில் பார்த்து, ஒரு சேலைக்கு ஒரே தொட்டியில் நனைந்த நூலாகச் சேர்த்துக் கட்டுவது என் வேலை. அரக்கு நிறம் என்று பெயர் ஒன்றுதான். திங்கட்கிழமை அரக்கும் வியாழக்கிழமை அரக்கும் ஒட்டாது. அதற்காகவே சாயக்காரர் முதல் தொட்டிக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு முடிச்சு என்று கழியில் போட்டு அனுப்புவார்.

புதிதாக வந்த மேனேஜருக்கு முடிச்சு பிடிக்கவில்லை. இருபத்து நாலு பெட்டி, இருபத்து நாலு நம்பர், கழிக்கு ஒரு ஸ்டிக்கர். "இனிமே கண்ணால பாக்க வேணாம்மா, நம்பர் பாத்தா போதும்" என்றார். அரக்கு எல்லாம் பதினாலு. முடிச்சுகளைக் கத்தரித்து எறிந்தவள் நான்தான்.

2

மூன்று மாதம் கழித்து சேவூர் செல்வி, நெய்து முடித்த சேலையோடு வந்தாள். விரித்ததும் சேலை உடலின் நடுவில் ஒரு முழத்துக்கு நிறம் மாறிய பட்டை தெரிந்தது.

"நூல வெயில்ல போட்டு வெளுக்க விட்டிருக்கீங்க. நெசவுப் பிழை. இனிமே உங்களுக்குப் பாவு கிடையாது" என்றார் மேனேஜர். தறியில் ஏற்றும் பாவு நூல் இல்லையென்றால் தறி நின்றுவிடும்.

"நூலுக்குத் துணி சுத்தியேதான் வச்சிருந்தேன் சார். அந்த ஒரு தறிய நம்பித்தான் பொழைச்சுகினு இருக்கோம். யக்கா, நீயாவது சொல்லுக்கா."

அந்தக் கழிகளைக் கொடுத்தவள் நான். பார்க்காமல் கொடுக்கவில்லை, பார்த்துத்தான் கொடுத்தேன். ஆனால் பதினாலு என்று எழுதியிருந்ததால் கண் பதினாலைத்தான் பார்த்தது. மூளை ஒரு பெயரைச் சொல்லி மூடி வைத்ததைக் கண் திறந்து பார்ப்பதில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

3

பதினாலாம் பெட்டியில் மிச்சமிருந்த ஆறு கழிகளை வாசலுக்குக் கொண்டு போனேன்.

"இது எல்லாம் ஒரே கலரா சார்?"

"பதினாலுதானே? ஒரே கலர்தான்."

அவர் எதிரிலேயே ஸ்டிக்கர்களைக் கிழித்துப் போட்டு, கழிகளைக் கலைத்தேன். "இப்ப எது எதோட சேருதோ, பிரிச்சு வைங்க."

ஒன்றை எடுத்தார், மாற்றினார், திரும்ப மாற்றினார். கடைசியில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் இரண்டு. நாலில் ஒன்றைச் சேலையின் உடல்மேல் வைத்தேன், இரண்டில் ஒன்றைப் பட்டைமேல் வைத்தேன். இரண்டும் அச்சாகப் பொருந்தின.

அப்படியும் மனிதர் விடவில்லை. "ஃபார்ம்ல ரெண்டு கட்டம்தாம்மா இருக்கு. நல்ல சேலை, நெசவுப் பிழை. எதுல எழுதுறது?"

பேனாவை வாங்கி மூன்றாவதாக ஒரு கட்டம் கோணலாக வரைந்தேன். 'கிடங்குப் பிழை' என்று தலைப்புப் போட்டு, கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இப்படி ஒரு கட்டமே ஃபார்ம்ல இல்லையேம்மா!"

"இப்ப இருக்குது சார். செல்விக்குப் பாவ குடுங்க. இல்லைன்னா கிடங்கு சாவிய நீங்களே வச்சிக்குங்க."

செல்வி பாவு நூலை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனாள். மறுநாளே சாயக்காரரிடம் முடிச்சுப் போடச் சொல்லி ஆள் அனுப்பினேன், யாரையும் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டி இல்லாமல் கிடங்கு நடக்காது. ஆனால் இருக்கிற பெட்டியில் ஆள் பொருந்தவில்லை என்றால், அந்த ஆளை மடக்கித் திணிக்காதீர்கள். இன்னொரு பெட்டி போடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.