அண்ணனும் பிரேக் பைப்பும்

என் வீட்டுக்காரருக்கு என் அண்ணனைக் கண்டா ஆகாது. ஆகாதுன்னா சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல கார் பட்டறை வச்சிருக்கான். இவரு ராஜபாளையத்து மில்லுல சூப்பர்வைசர். எங்க காருல பிரேக் பைப் துருப்பிடிச்சு ஒழுகவும், அண்ணன் போன்ல, "ஆளு அனுப்புறேன் மாப்ள, நீங்க கை வைக்காதீக, உங்களுக்கு ஏலாது"ன்னுட்டான். போதாதா? "ஞாயித்துக்கெழம சாயந்தரம் நானே சரி பண்ணி ஓட்டிட்டு வாரேன் மச்சான்"னு சவால் விட்டாரு. மனுசன் மானமே அந்தப் பைப்புல தொங்குச்சு.

புதுப் பைப்பை அளவு பாத்து அறுக்கணும், முனையை விரிக்கணும். விரிச்ச பொறவு, பைப்பை இணைச்சு முடுக்குற நட்டு உள்ள ஏறாது. அதனால நட்டை முதல்லயே கோத்துக்கணும். இதை எனக்கு உக்கார வச்சுப் பாடம் எடுத்தவரே இவருதான். நான் ஏதோ கேக்க வாயெடுத்தேன். "செத்த நேரம் சும்மா இருக்கியா?"ன்னாரு. சரின்னு இருந்தேன்.

ஆன்லைன்ல வாங்குன ஃபிளேரிங் டூலை முறுக்கி, மூச்சைப் பிடிச்சு, முனையை அம்புட்டு அழகா விரிச்சாரு. நட்டு என் பக்கத்துல வெங்காயத் தட்டுல கெடந்துச்சு. எடுத்துக் காட்டினேன்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"ன்னு கத்தினாரு.

"சும்மா இருக்கச் சொன்னீகளே!"

முனையை அறுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. இந்தத் தடவை நட்டைத் தலைகீழா மாட்டி விரிச்சுட்டாரு. அய்யோ, சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறே வலிச்சுது. ஆனா பைப் குறைஞ்சுக்கிட்டே வருது. இன்னும் ஒரு தடவைதான் அறுக்கலாம், அதுக்கு மேல எட்டாது. அவரு மூஞ்சியப் பாத்தேன். பாவமா இருந்துச்சு. பேசாம நட்டை நானே சரியாக் கோத்து, நழுவாம விரலால பிடிச்சுக்கிட்டேன். "ம்"னு ஒரு சத்தம் வந்துச்சு. அவரு ஊர்ல அதுக்குப் பேரு நன்றி.

பைப்புக்குள்ள நின்ன காத்தை வெளியேத்த நான்தான் பிரேக் பெடலை மிதிச்சேன். எங்க தெருவுலயே நாலு சுத்து மெதுவா ஓட்டி, பிரேக் பிடிக்குதான்னு பாத்துட்டுத்தான் கிளம்பினோம்.

நாங்க போய் எறங்கினதும், அண்ணன் அவன் வீட்டு வாசல்லயே சாக்கை விரிச்சு காருக்கு அடியில படுத்துட்டான். இணைப்பை விரலால தடவினான். ஒரு சொட்டு ஈரம் இல்ல. அவனுக்கு அப்படி ஒரு ஏமாத்தம். கை கழுவ உள்ள வந்தவன் என் காதுல, "ஏட்டி, நெசத்தச் சொல்லு. நட்டை எத்தனை தடவ மறந்தாரு?"ன்னான்.

"ஒரு தடவகூட இல்லண்ணே."

கூசாமச் சொன்னேன். அண்ணன் என்னை ஏற எறங்கப் பாத்தான். "போச்சு, நீ அந்த வீட்டாளு ஆயிட்டே"ன்னுட்டு சோப்பை எடுத்தான்.