லாரிக்காரரின் மகள் கேட்டது

நர்சிங் படிப்பில் சேருவதற்கு முன்னால் ஏதாவது ஒரு வார்டில் வேலை பார்த்துவிட்டு வரும்படி கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் அவள் அந்த ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தாள். ஊசியைத் தொட விடவில்லை. மூத்திரப் பானையைத்தான் கையில் கொடுத்தார்கள்.

"பீ மூத்திரம் அள்ளவாடி உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரிக்காரர் கிடந்தார். நுரையீரலில் புற்று. முதுகெல்லாம் படுக்கைப் புண். அவள் புரட்டிப் படுக்கவைக்கும்போது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "ரிவர்ஸ் எடுக்கறப்ப பாத்து எடும்மா, பின்னாடி பள்ளம்" என்பார். அவளுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு முட்டியது. சிஸ்டர் ஓடிவந்து ஊசி போட்டாள். ஆக்ஸிஜனைக் கூட்டினாள். எதற்கும் கேட்கவில்லை. உதவிக்கு நின்றவள் அவரை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "காத்து... காத்தும்மா" என்று அவளுடைய மணிக்கட்டை நெரித்தவர், அப்படியே அடங்கிப்போனார்.

உடம்பைத் துடைத்து முடித்தபோது அவருடைய மகள் வந்து சேர்ந்தாள். வெளியூரிலிருந்து விழுந்தடித்து வந்திருந்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாரா?"

ஆமென்று சொல்லும்படி சிஸ்டர் உதவியாளுக்குக் கண்ணைக் காட்டினாள். அவளுக்குப் பொய் வரவில்லை.

"இல்லக்கா. ரொம்ப சிரமப்பட்டுட்டார்."

மகள் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "அதைச் சொல்லத்தான் உன்னை இங்க வெச்சிருக்காங்களா?"

மறுநாளே அவளைச் சலவை அறைக்கு மாற்றிவிட்டார்கள். ரத்தமும் சீழும் ஊறிய விரிப்புகளைக் கொதிநீரில் அலசி அலசி அவள் கை வெந்தது. அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

சில வாரம் கழித்து, அப்பாவின் சாமான்களை வாங்க வந்த மகள் அந்த அறையைத் தேடிக்கொண்டு வந்து நின்றாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"கடைசில என்னைக் கேட்டாரா?"

அவர் கேட்டது காற்றை மட்டும்தான்.

"கேட்டார்க்கா."

"நிஜமாவா?"

அவள் ஈர விரிப்பை எடுத்தாள். மகள் பையைக் கீழே வைத்துவிட்டு, விரிப்பின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். தண்ணீர் தரையில் கொட்டியது.

அடுத்த ஆண்டு அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் என்ன கற்றுக்கொண்டாய் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க என்று மட்டும் சொன்னாள்.