நான் சொம்பில் கொண்டுவந்த இளநீர்

2003 ஆடி மாதம் என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. பொம்மசந்திரா கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்ற மனிதர், ஸ்ரீராம்புரம் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார்.

டாக்டர் சொன்னார்: "ஹார்ட் பம்ப் பண்றது குறைஞ்சிருக்கும்மா. அதனால கிட்னிக்கு ரத்தம் பத்தல. கிட்னி நீரைப் பிரிக்கலன்னா அந்தப் பாரம் திரும்ப ஹார்ட் மேலதான் ஏறும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணையும் இழுத்துக்கும்." நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்றார். நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினால் கிட்னி தாங்காது, குறைத்தால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான்.

மாரியம்மனிடம் ஓடினேன். நாற்பத்தெட்டு நாள் இளநீர் அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டேன். அபிஷேகம் ஆன இளநீரைப் பூசாரி என் சொம்பில் பிடித்துத் தருவார். நான் வாசலில் கால் வைக்கும்போதே இவர் கையை நீட்டுவார். ஒரே மூச்சில் குடிப்பார். எவ்வளவு பக்தி என்று பூரித்துப்போனேன். அது தாகம் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. அம்மன் தீர்த்தத்தை யாராவது தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பார்களா?

இருபதாம் நாள் அவருக்குக் கை துவண்டது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. "நெஞ்சு விட்டு விட்டு அடிக்குதுடி," என்றார்.

மறுநாள் காலை, அபிஷேகம் முடிந்து சொம்பு கையில் இருக்க, அம்மன் முன்னால் வாய்விட்டே கத்தினேன். "அடியே தாயே, உனக்குக் கண்ணில்லையா? என் தாலிய எடுக்கப்போறியா, வழி காட்டப்போறியா? இப்பவே சொல்லு!"

பின்னால் நின்ற ஓர் அம்மா என் தோளைத் தொட்டார். பெயர் கௌரம்மா. ஓர் ஆஸ்பத்திரியில் கிட்னி வார்டு ஆயா. அந்தக் கோயிலுக்கு அன்றைக்குத்தான் முதல்முறை வந்தாராம். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். அவர் சொம்பைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"அவருக்குத்தான்க்கா, தினமும்."

"அய்யய்யோ! கிட்னி கெட்டவங்களுக்கு எளநீரா? அதுல இருக்கிற சத்து வெளிய போகாம ரத்தத்துல ஏறி ஹார்ட்டையே நிறுத்திடும். எங்க வார்டுல மொதல்ல தடுக்கிறதே இதைத்தான். பேகா ஓடும்மா, சீக்கிரம் ஆட்டோ புடி!"

சொம்பை அம்மன் காலடியிலேயே கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

வீட்டிலிருந்து அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈசிஜியைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. இளநீரில் இருக்கும் பொட்டாசியம் என்ற சத்து ரத்தத்தில் எகிறியிருந்தது. "என்னம்மா குடுத்தீங்க?" என்றார். தினமும் கொடுத்த இளநீரைச் சொன்னேன். ஊசி போட்டார்கள், டயாலிசிஸ் செய்தார்கள். "இன்னைக்கும் ஒரு சொம்பு உள்ள போயிருந்தா, என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார்.

என் வீட்டுக்காரர் இன்றும் இருக்கிறார். தினமும் காலையில் அவர் காலை அமுக்கிப் பார்க்கிறேன். குழி விழுமோ என்ற பயம் போகவில்லை. ஆனால் கத்தியவளுக்கு அம்மன் பதில் சொன்னாள், அது போதும். நீங்களும் அவள் மேல் பாரத்தைப் போடுங்கள். அப்படியே வீட்டில் கொடுப்பதையெல்லாம் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள், பிரசாதமானாலும் சரி.

மீதி நாட்களின் அபிஷேகத்தையும் முடித்தேன். சொம்பைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டேன்.